ஆள் இருக்கா?

காலிப் பேருந்தில் ஏறினாலும் அக்கா நேராகப் போய் உட்கார மாட்டாள். இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்து, "ஆள் இருக்கா?" என்று கேட்பாள். பதில் வராவிட்டால் இன்னொரு முறை. ஓட்டுநர் மட்டும் ஏறி உட்கார்ந்திருக்கிற பேருந்தென்றாலும் இதே கதைதான். ஒருமுறை நடத்துநர் ஒருவர், "யாரக்கா கேக்கீங்க, காத்தையா?" என்று கேலி செய்தார். "காத்துக்கு நீங்க டிக்கெட் போட்டிருந்தா நான் எந்திரிக்கணும்லா?" என்றாள் அக்கா. பேருந்தே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் கேட்டது கேலிக்கில்லை என்று அவள் பக்கத்தில் நின்றிருந்த எனக்குத் தெரியும்.

கடற்கரைச் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் அவள் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள்; அங்கே போய்ப் பழகித்தான் எனக்கு அக்கா ஆனாள். ஒரு ஜெராக்ஸ் மிஷின், லேமினேஷன் பெட்டி, மூன்று கம்ப்யூட்டர்கள், ஒரு ஸ்டூல். உப்புக்காற்றில் எல்லாமே துருப்பிடிக்கும் என்பதால் சாயங்காலமானால் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் துவாலையைப் போர்த்திவிடுவாள், தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி. அந்த ஸ்டூல் அவளுடையது. வேறு யாரும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் வெளியே போய்விட்டு வந்தால் அதன்மேல் கையை வைத்து, "ஆள் இருக்கா?" என்பாள்.

எதிரே டீக்கடை வைத்திருந்த அண்ணாச்சிக்கு இது பொறுக்காது. "உன் கடை, உன் ஸ்டூலு. இதுக்குமா கேப்ப?"

"நான் போன நேரத்துல யாராச்சும் வந்து உக்காந்து, தண்ணி குடிக்க எந்திரிச்சிருந்தா என்ன செய்ய?"

"அப்படி எவன் வந்தான்?"

"அதத்தானே கேக்கேன்."

அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டு அவளுக்கும் எனக்கும் சேர்த்து இரண்டு டீயை நீட்டுவார்.

நான் அப்போது பொறியியல் மூன்றாம் ஆண்டு. அப்பா கப்பல் ஏஜென்சி ஒன்றில் கிளார்க். வீடு ஊருக்குள்ளே. தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவள் என்று வெளியூரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். உண்மையில் கடல் எங்கள் வீட்டுக்கு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மக்ரூன் பொட்டலத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஒன்று. அவ்வளவுதான்.

எனக்கு உயிர் வேறொன்றில் இருந்தது. ஒரு ஊரைக் கையில் கொடுத்து, சாலை போடு, வரி விதி, தேர்தலில் ஜெயித்துக் காட்டு என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டுகள். சுடுவதும் வெட்டுவதும் எனக்குப் பிடிக்காது. ஆள்வது பிடிக்கும்! என்னுடைய லேப்டாப் அந்தப் பாரத்தைத் தாங்காது. அக்காவின் தம்பி சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். விடுமுறைக்கு வந்தபோது எங்கிருந்தோ ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு வாங்கி வந்து மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டுப் போயிருந்தான். கூட்டம் அதிகமான நாட்களில் நான் அக்காவுக்கு ஆன்லைன் விண்ணப்பங்களைப் போட்டுக்கொடுப்பேன். கூட்டமில்லாத நாட்களில் மூன்றாம் நம்பரில் உட்கார்ந்து நகரங்களை ஆள்வேன். அதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம்.

ஒருநாள் மத்தியானம் கரண்ட் வந்து, ஆள் வராத நேரம். "நீங்க ஆளுங்க அக்கா" என்று கம்ப்யூட்டர் எலியை அவள் கையில் கொடுத்தேன். திரையில் பச்சைப் புல்வெளி, ஓரமாக நீலக் கடல். எந்த விளையாட்டும் அப்படித்தான் தொடங்கும்.

"என்ன செய்யணும்?"

"முதல்ல ஒரு ரோடு போடுங்க. இந்தா, இந்தக் கட்டத்துல."

அவள் அந்தக் கட்டத்தின்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். "ஆள் இருக்கா?"

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். "அது காலி இடம்க்கா. கேம்ல எல்லாமே காலியாத்தான் இருக்கும்."

"ஊரே இருக்கு, ஆறு ஓடுது, கடல் கிடக்கு. ஒருத்தருமா இல்லாம இருப்பாங்க?" பக்கத்துக் கட்டத்தை அழுத்தினாள். அடுத்ததை. அடுத்ததை. ஒவ்வொன்றும் தன்னைக் காலி இடம் என்றே சொன்னது. கால் மணி நேரம் இப்படியே போயிற்று. ரோடு போடவே இல்லை.

அப்புறம் போட்டாள். அவள் ஆண்ட மாதிரி யாரும் ஆண்டு நான் பார்த்ததில்லை. திரையின் மூலையில் டை கட்டிய ஒருவன் அடிக்கடி எட்டிப் பார்த்து, வரியைக் குறையுங்கள், தொழிற்சாலை கேட்கிறார்கள் என்று யோசனை சொல்வான். "இவன் யாருளா? எலக்‌ஷன்ல நின்னவனா?" என்பாள். "ஆலோசகர்க்கா." "யாருக்கு ஆலோசகர்? எனக்கா, ஃபாக்டரிக்கா?" கடலோரத்தில் வீடு கட்டினால் நிலத்தின் மதிப்பு கூடும் என்று அந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. கடலுக்கு அதில் வேறு வேலையே கிடையாது. பார்க்க அழகாக இருக்கும், மதிப்பைக் கூட்டும். "அப்ப எங்க கடப்புறத்துக்காரங்க எல்லாம் கோடீஸ்வரங்களா? இது தெரியாம நாங்க சும்மா இருந்துட்டோமே!" என்று மேசையைத் தட்டினாள். நீலத்தை உற்றுப் பார்த்தாள். "ஒரு வள்ளம் கூட இல்லையேளா."

அவளுடைய ஊர் எப்போதும் தோற்றுப்போகும். நான் ஆளும்போது நிலத்தின் மதிப்பு ஏறும், சின்ன வீடுகள் தானாக மறையும், கோபுரங்கள் முளைக்கும், வாண வேடிக்கை. ஒருமுறை பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "அந்தச் சின்ன வீட்டுல இருந்தவங்க எங்கன போனாங்க?"

"மேப்புக்கு வெளிய போயிருவாங்கக்கா. வாடகை கட்ட முடியாதுல்லா."

"மேப்புக்கு வெளிய யாரு ஆட்சி?"

 கேள்வி நன்றாக இருக்கிறதென்று மட்டும் எனக்குத் தெரிந்தது. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இன்னொரு நாள் அவள் கை தவறி இடிக்கும் பொத்தானை அழுத்திவிட்டாள். ஒரு வரிசை வீடு. டொப் என்று ஒரு சத்தம், கொஞ்சம் தூசி, பிறகு புல். அவ்வளவுதான். அக்கா எலியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "கத்தலியேளா" என்றாள். "ஒருத்தராச்சும் கத்தணும்லா?" இரண்டு நாள் மூன்றாம் நம்பர் பக்கமே வரவில்லை. அதையும் நோட்டில் எழுதினேன்.

அந்த வருடம் கல்லூரிக் கருத்தரங்கில் ஆட்சி விளையாட்டுகளுக்குள் ஒளிந்திருக்கும் அரசியலைப் பற்றிப் பேசினேன். நிலம் காலியாகத் தொடங்குவதே ஓர் அரசியல் என்றேன். வரி குறைந்தால் மக்கள் சிரிப்பார்கள் என்று எழுதிவைத்தவன் ஒரு கட்சிக்காரன், அவன் கட்சி மட்டும் வெளியே தெரியாது என்றேன். எங்கோ குளிர்நாட்டில் உட்கார்ந்து யாரோ எழுதிய சூத்திரத்தை நாம் இயற்கை விதி என்று நம்பிவிடுகிறோம் என்றேன். கடைசியில் கொஞ்சம் நிறுத்தி, "வரைபடத்துக்கு வெளியே யாருடைய ஆட்சி?" என்று கேட்டேன். அரங்கம் கைதட்டியது. முதல் பரிசு. அந்தக் கேள்வி எனக்கு எப்படித் தோன்றியது என்று ஒரு பேராசிரியர் கேட்டார். "விளையாடிக்கிட்டே இருக்கும்போது தோணிச்சு சார்" என்றேன்.

சான்றிதழை அக்காவிடம்தான் முதலில் காட்டினேன். கலரில் மூன்று பிரதி எடுத்து, லேமினேட் செய்து, சூடு ஆறுவதற்குள் அண்ணாச்சியிடம் காட்டிவிட்டு வந்தாள். "என்னளா பேசுன?" சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகம் மலர்ந்தது. "இதெல்லாம் நான் சொன்னதுல்லா?"

"அதேதான்க்கா. கொஞ்சம் இங்கிலீஷ்ல."

"அப்ப எனக்குப் பாதி பரிசு" என்று சொல்லி என் தலையில் தட்டினாள். அவளுக்கு அது வேடிக்கை. என் பேச்சில் அவள் பெயர் எங்கும் வரவில்லை என்பதை நான் சொல்லவில்லை; அவள் கேட்கவுமில்லை. இங்கேயும் நான் அவள் பெயரை எழுதவில்லை. கேட்டு எழுத வேண்டும். கேட்கிற இடத்தில் நான் இப்போது இல்லை.

ஒரு சனிக்கிழமை என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஊருக்குத் தெற்கே கடலை ஒட்டிய தெரு. நாற்பது வீடு இருக்கும். அவளுடைய அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஜெராக்ஸ் கடைப் பிள்ளையா?" என்று கேட்டு, சாப்பிட உட்கார வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் அக்கா ஒரு கூடை நெத்தலியைத் தூக்கிக்கொண்டு மணலுக்கு இறங்கினாள். தெருவுக்கும் கடலுக்கும் நடுவே அகலமான மணல். பாதி தூரத்துக்கு வலை விரித்து மீன் காய்ந்துகொண்டிருந்தது. மீதி வெறும் மணல். அந்த வெறும் மணலின் ஓரத்தில் நின்று, கடலைப் பார்த்து, அக்கா உரக்கக் கூவினாள்.

"ஆள் இருக்காஆ?"

கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. யாருமில்லை. மறுபடியும் கூவினாள். மூன்றாவது தடவை கூவியபோது எங்கோ ஒரு வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது: "எங்க அத்தைக்கு உள்ளதுளா அது! அவ ஆஸ்பத்திரியில கிடக்கா. நீ போட்டுக்க!"

"வந்ததும் சொல்லு, எடுத்துருதேன்!"

வலையை விரித்து மீனைப் பரப்பும்போது சொன்னாள். "இந்த மணல்ல கோடு கிடையாது. பட்டா கிடையாது. போன மாசம் போட்டவ இந்த மாசம் பேறுகாலத்துக்குப் போயிருப்பா. ஒருத்திக்கு வள்ளத்துல மீன்பாடு இருக்காது, அதனால வந்திருக்க மாட்டா. ஆளக் காணும்னா ஆள் இல்லன்னு ஆயிருமா? மூணு தடவ கேளு. பதில் வரலன்னா போடு. வந்து நின்னான்னா எடுத்துக் குடு. எங்க தெருவுல இதுக்கு மட்டும் சண்டை வராது. மத்த எல்லாத்துக்கும் வரும்."

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பேருந்து, ஸ்டூல், கேம். நான் அவள் கூவியதை வீடியோ எடுத்திருந்தேன். அன்று சாயங்காலம் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். "எங்க அக்கா பேய்கிட்ட பர்மிஷன் வாங்குறாங்க." நிறையப் பேர் சிரித்தார்கள். அக்காவும் பார்த்திருப்பாள். 

இறுதியாண்டில் ஓர் அரசு அலுவலகம் மாணவர்களுக்குப் போட்டி ஒன்று அறிவித்தது. நம் கடற்கரையை மேம்படுத்துவது எப்படி என்று ஏதாவது ஒரு செயலி செய்துகாட்ட வேண்டும். தேர்ந்தெடுத்ததைப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பயன்படுத்துவார்கள். எனக்கு உறக்கம் போய்விட்டது. வெளிநாட்டுக்காரன் எழுதிய ஆட்சி விளையாட்டை இத்தனை நாள் குறை சொன்னேன். இதோ என் ஊர், என் மொழி, என் சூத்திரம்! மூன்று வாரம் மூன்றாம் நம்பரை விட்டு எழுந்திருக்கவில்லை. அதில் வள்ளங்கள் ஓடும். மாதா கோயில் மணி அடிக்கும். ஆலோசகருக்கு டை கிடையாது, வேட்டி. நல்ல திட்டம் போட்டால் கைதட்டல் சத்தம் வரும். அதற்கு எங்கள் கல்லூரி விடுதிப் பிள்ளைகளைக் கைதட்ட வைத்துப் பதிவு செய்தேன்.

செயற்கைக்கோள் படத்தின்மேல் கட்டம் கட்டமாக நிறம் தீட்டினேன். வீடு மஞ்சள், தொழில் சாம்பல், துறைமுகம் கருநீலம். எல்லாம் தீட்டி முடித்தால் கட்டுவதற்கு இடமே இல்லை. ஆட்டக்காரன் வந்து என்ன செய்வான்? காலி இடம் இல்லாமல் ஆட்டம் தொடங்காது. படத்தைப் பெரிதாக்கித் தேடினேன். ஊருக்குத் தெற்கே, நாற்பது வீட்டுத் தெருவுக்கும் கடலுக்கும் நடுவே, பளிச்சென்று வெளுத்த மணல். அதில் ஒன்றுமே இல்லை. அந்தப் படம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்ததாக இருக்க வேண்டும். ஞாயிறன்று மாதா கோயில் பூசை, அந்தத் தெருக்காரர்கள் கடலுக்குப் போகமாட்டார்கள். மணலில் ஒரு வலையும் விரியாது. இது எனக்கு அப்போதே தெரியும். வெளிநாட்டுக்காரனுக்குத் தெரிய வழியில்லை. எனக்குத் தெரியும்.

டைப் செய்தேன். காலி இடம். குடியிருப்போர்: இல்லை. எதிர்ப்பு: இல்லை. உகந்தது: பூங்கா.

டைப் செய்யும்போது அக்கா எனக்குப் பின்னால் நின்று ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பித் திரையைப் பார்த்தாள். தொடக்கப் படத்தில் மணி அடித்தது. "ஏளா, நம்ம ஊரு!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். "கூட்டத்துல வந்து விளையாடுதேன். இப்பவே பாத்துட்டா ருசி போயிரும்."

என் விளையாட்டுத் தேர்வானது. கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். திட்டம் என்னவென்றால் அந்தத் தெற்கு மணலில் நடைபாதை, விளக்கு, பூங்கா. அதைச் சொல்லி அந்தத் தெருவுக்கு நோட்டீஸ் போயிருந்தது எனக்குக் கூட்டத்தன்றுதான் தெரியும். இப்படிச் சொல்லும்போது தப்பித்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது. போட்டி அறிவிப்பிலேயே தெற்குக் கடற்கரை என்று இருந்தது. நான் அதைப் படித்திருந்தேன்.

தெருப் பெண்கள் இருபது பேர் வந்து பின்னால் நின்றார்கள். மீன் காயப் போடும் இடம் போய்விட்டால் பிழைப்பு போய்விடும். அதைச் சொல்லத்தான் வந்திருந்தார்கள். அக்கா முன்வரிசைக்கு வந்து ஒரு நாற்காலியைத் தொட்டு, "ஆள் இருக்கா?" என்று கேட்டாள். "வி.ஐ.பி.க்கு" என்றார் உதவியாளர். அந்த நாற்காலி கூட்டம் முடிகிற வரைக்கும் அப்படியே கிடந்தது. அவள் பின்னால் போய் அந்தப் பெண்களிடம் சொன்னது மேடை ஓரத்தில் இருந்த எனக்குக் கேட்டது. "பயப்படாதீங்க. அந்தக் கம்ப்யூட்டர நம்ம பிள்ளதான் செஞ்சிருக்கு. நம்ம மணல் தெருவெல்லாம் அதுல இருக்கும். நம்ம வீட்டுல வந்து சோறு சாப்பிட்ட பிள்ள."

அதிகாரி இளைஞர், தன்மையாகப் பேசினார். ஆளாளுக்கு மைக் கொடுத்தால் நேரம் போதாது, அதனால் இந்த விளையாட்டின் மூலமே உங்கள் கருத்தைச் சொல்லலாம் என்றார். யாராவது ஒருவர் வாருங்கள் என்றார். பெண்கள் அக்காவைத் தள்ளிவிட்டார்கள். "நீ போளா, உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியும்." அவள் லேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். எலியைப் பிடித்தாள். தேட வேண்டியிருக்கவில்லை, தன் தெருவுக்கு நேரே போனாள். மணலை அழுத்தினாள்.

பெட்டி திறந்தது. மைக் பக்கத்தில் இருந்ததால் அவள் வாசித்தது மண்டபம் முழுக்கக் கேட்டது. நிதானமாக, விண்ணப்பப் படிவத்தைச் சரிபார்க்கிற அதே குரலில் வாசித்தாள். "காலி இடம். குடியிருப்போர், இல்லை. எதிர்ப்பு, இல்லை. உகந்தது, பூங்கா."

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "ஏளா, ஆள் இருக்கா?"

முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். கேலி என்று நினைத்திருப்பார்கள். பின்னால் யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி கொஞ்சம் சங்கடப்பட்டு என்னைக் கேட்டார். "மேப் சரிதானேம்மா?"

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கக்கூடியதை அதற்குப் பிறகு குளிக்கும்போதும் ரயிலில் போகும்போதும் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். தப்பு சார், நான் போனது சனிக்கிழமை, படம் எடுத்தது ஞாயிற்றுக்கிழமை. ஒரே மூச்சில் சொல்லி முடிக்கலாம். மண்டபத்தில் என் துறைத் தலைவர் இருந்தார். அப்பாவும் இருந்தார், புதுச் சட்டை போட்டுக்கொண்டு.

"சாட்டிலைட் மேப் சார்" என்றேன். "சரியாத்தான் இருக்கும்."

அக்கா என்னையே பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. தாள் மாட்டிக்கொண்டால் ஜெராக்ஸ் மிஷினைத் திறந்து, எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"சரி" என்றாள். எலியை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

அடுத்து ஊருக்குள்ளிருந்து வந்த ஒருவர் ஆடினார். அந்த மணலில் பூங்காவை வைத்தார். டொப் என்ற சத்தம் கூட வரவில்லை. நான் அதை இனிமையாக மாற்றியிருந்தேன், மணியோசை மாதிரி. மகிழ்ச்சிக் கோடு பச்சையாகி உச்சிக்கு ஏறியது. ஸ்பீக்கரிலிருந்து கைதட்டல் வந்தது. எங்கள் கல்லூரி விடுதிப் பிள்ளைகளின் கைதட்டல். அதைக் கேட்டு முன்வரிசையும் கைதட்டியது. அப்பாவும் தட்டினார். பின்னால் ஒரு கிழவி, "எங்களப் பேச விடுங்கய்யா" என்று கத்தினார். ஒருத்தராவது கத்தினார். கைதட்டலில் அது மைக்குக்கு எட்டவில்லை. கூட்டக் குறிப்பில், பொதுமக்கள் ஆர்வத்துடன் பங்கேற்றுப் பூங்காவைத் தேர்ந்தெடுத்தனர் என்று எழுதி, என் விளையாட்டின் படத்தையும் ஒட்டியிருந்தார்கள்.

நான் கடைக்குப் போவதை நிறுத்தினேன். முதலில் தேர்வு என்று சொல்லிக்கொண்டேன், அப்புறம் வேலை தேடுகிறேன் என்று. அந்த விளையாட்டைக் காட்டித்தான் சென்னையில் வேலை கிடைத்தது. நேர்முகத்தில் கேட்டார்கள், இதில் உங்களுக்குப் பெருமையான விஷயம் எது? "லோக்கல் டேட்டா" என்றேன்.

மணலைச் சுற்றிக் கம்பி வேலி போட்டுவிட்டார்கள் என்று அப்பா போனில் சொன்னார். நடைபாதை நன்றாக வந்திருக்கிறதாம். கருவாடு காயப் போடுகிறவர்கள் இப்போது ரோட்டோரத்தில் போடுகிறார்களாம், லாரி தூசிதான் ஒரே தொந்தரவாம். அன்று இரவே உட்கார்ந்து அந்தக் கட்டத்தைத் திருத்தினேன். குடியிருப்போர்: நாற்பது குடும்பங்கள். எதிர்ப்பு: உண்டு. உகந்தது: கேட்டுத் தெரிந்துகொள்ளவும். புதிய பதிப்பை இணையத்தில் ஏற்றி அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு கோடும் நீலமாயின. பதில் வரவில்லை. அதை வேறு யாரும் திறந்ததாகவும் தெரியவில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பழைய பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போக டவுன் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மத்தியான வெயில், பஸ்ஸில் ஐந்தாறு பேர்தான். அடுத்த நிறுத்தத்தில் அக்கா ஏறினாள். கையில் ஜெராக்ஸ் பேப்பர் கட்டு இரண்டு. கொஞ்சம் மெலிந்திருந்தாள். நடந்து வந்து என் பக்கத்து இருக்கையின் கம்பியைப் பிடித்தாள். அப்போதுதான் என்னைப் பார்த்தாளா, பார்த்துவிட்டுத்தான் வந்தாளா, தெரியாது.

எத்தனை நாளாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு! அக்கா, நான் அன்னைக்கு... என்று தொடங்குகிற பேச்சு. நாக்கு நுனியில் நின்றது.

"ஆள் இருக்கா?" என்று கேட்டாள். எல்லாரிடமும் கேட்கிற அதே குரல்.

"இல்ல" என்றேன்.

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் எனக்கே கேட்டது. நான் டைப் செய்த அதே சொல்.

அக்கா கம்பியிலிருந்து கையை எடுத்தாள். "சரி" என்றாள். பேப்பர் கட்டுகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முன்னால் போனாள். அங்கே ஒரு பெண் மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் பை. அக்கா குனிந்து கேட்பது எனக்குக் கேட்டது. "இருங்க, இருங்க" என்று அந்தப் பெண் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அக்கா உட்கார்ந்தாள்.

வழியில் பள்ளிக்கூடம் விட்டு ஒரு கூட்டம் ஏறியது. பஸ் நிறைந்து பிதுங்கியது. நான் ஜன்னல் பக்கம் ஒதுங்கி இடம் விட்டு உட்கார்ந்திருந்தேன். நின்றவர்கள் குனிந்து அந்த இருக்கையைப் பார்த்தார்கள், பிறகு என் முகத்தைப் பார்த்தார்கள், யாரோ வரப்போகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். ஒருவரும் கேட்கவில்லை. என் பக்கத்து இடம் கடைசி நிறுத்தம் வரைக்கும் காலியாகவே வந்தது.